பிளெண்டரில் ஒரு யானைத் தலை: டிஜிட்டல் சிற்பத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

இந்த வேலையைக் கற்றுக்கொள்ள எனக்கு ஏழெட்டு மாதம் பிடித்தது. அதில் பாதிக்கு மேல் வீணாகப் போன காலம். கை பழகாததால் அப்படி ஆகவில்லை, எந்தக் கட்டத்தில் எதைத் தொடக் கூடாது என்று தெரியாததால் ஆனது. வீடியோவில் ஒருவர் பத்து நிமிடத்தில் ஒரு கிழவரின் முகத்தைச் சுருக்கம் வரைக்கும் செய்து முடிக்கிறார், நாமும் அதே பிரஷை எடுத்து இழுக்கிறோம், நமக்கு மேடும் பள்ளமுமாகத்தான் வருகிறது. அவர் முதல் இரண்டு மணி நேரம் சுருக்கத்தைத் தொடவே இல்லை என்பதும், அந்த இரண்டு மணி நேரத்தைத்தான் வீடியோவில் ஓட்டிவிட்டார்கள் என்பதும் எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது.

அதனால் நீங்கள் அந்தச் சுற்று சுற்ற வேண்டாம் என்று இதை எழுதுகிறேன். பழக ஒரு யானைத் தலையை எடுத்துக்கொள்வோம். தும்பிக்கை நீளம், காது மெலிசு, நெற்றி உருண்டை. புதியவர்கள் மாட்டிக்கொள்கிற மூன்று இடமும் ஒரே உருவத்தில் இருக்கின்றன.

1. செலவு: எதற்குப் பணம் வேண்டும், எதற்கு வேண்டாம்

பிளெண்டர் என்பது கணினியில் முப்பரிமாண உருவம் செய்கிற மென்பொருள், இலவசம். பிளெண்டர் டாட் ஆர்க் தளத்திலிருந்து இறக்குங்கள். கணக்கு தொடங்கச் சொல்லாது, உரிமச் சாவி கேட்காது. கேட்டால் நீங்கள் வேறு ஏதோ தளத்துக்குப் போய்விட்டீர்கள் என்று அர்த்தம். இதில் செய்ததை விற்கலாம், 3டி பிரிண்டரில் அச்சடிக்கலாம், யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. ஸீபிரஷ்தான் இந்தத் துறையில் பெரிய பெயர், ஆனால் அதற்குச் சந்தா கட்ட வேண்டும், முதல் ஆறு மாதத்துக்கு அது உங்களுக்குத் தேவையே இல்லை.

கணினி விஷயத்தில் ஒரு தவறு செய்தேன். சிற்பம் என்றால் கிராஃபிக்ஸ் கார்டுதான் முக்கியம் என்று நினைத்து அதற்காகக் காசு சேர்த்துக்கொண்டிருந்தேன். பிளெண்டரின் 4 வரிசைப் பதிப்புகளுக்குக் குறைந்தபட்சம் 8 ஜிபி ரேமும் 2 ஜிபி கிராஃபிக்ஸ் நினைவகமும் கேட்கிறார்கள், பரிந்துரைப்பது 32 ஜிபி ரேம். பிரஷ் ஓட்டும்போது உழைப்பது பெரும்பாலும் பிராசசரும் ரேமும்தான். என் லேப்டாப்பில் இருந்த 8 ஜிபியை 16 ஆக்கியதும் கிடைத்த வித்தியாசம் எனக்கே ஆச்சரியம். கையில் கொஞ்சம் பணம் இருந்தால் முதலில் ரேமுக்குப் போடுங்கள்.

பேனா டேப்லெட் வேண்டுமா? வேண்டும். மவுஸிலும் செய்யலாம், ஆனால் மவுஸுக்கு அழுத்தம் தெரியாது, எல்லாக் கோடும் ஒரே கனத்தில் விழும். திரை உள்ள டேப்லெட் வாங்க அவசரப்படாதீர்கள். திரையில்லாத சாதாரண டேப்லெட்டை நான் 4,000 ரூபாய்க்குள் வாங்கினேன், இன்றுவரை அதில்தான் செய்கிறேன். கையையும் கண்ணையும் வேறு வேறு இடத்தில் வைத்துப் பழக ஒரு வாரம் ஆகும், அவ்வளவுதான்.

2. பேனா அழுத்தம் வேலை செய்கிறதா என்று முதலில் பாருங்கள்

இதைச் சோதிக்காமல் நான் இரண்டு வாரம் ஓட்டினேன். பிரஷ் முரட்டுத்தனமாக வந்தது, என் கைதான் கனம் என்று நினைத்துக்கொண்டேன். உண்மையில் அழுத்தமே பதிவாகவில்லை.

சோதனை இதுதான்: ஒரு உருண்டையின் மேல் டிரா பிரஷால் மெதுவாக ஒரு கோடு, அழுத்தி ஒரு கோடு இழுங்கள். இரண்டும் ஒரே உயரத்தில் இருந்தால் அழுத்தம் போய்ச் சேரவில்லை. விண்டோஸ் கணினி என்றால் எடிட் மெனுவில் பிரிஃபரன்ஸஸ், அதில் இன்புட், அதில் டேப்லெட் ஏபிஐ என்று இருக்கும். ஆட்டோமேட்டிக்கில் இருப்பதை விண்டோஸ் இங்க் ஆக மாற்றிப் பாருங்கள், சரிவராவிட்டால் வின்டேப். மாற்றியபின் பிளெண்டரை மூடித் திறங்கள். முன்பு வேறு டேப்லெட் வைத்திருந்தால் அதன் டிரைவரை நீக்கிவிடுங்கள், இரண்டு டிரைவர் ஒரே கணினியில் இருந்தால் இந்தத் தொல்லை அடிக்கடி வரும்.

அதே பக்கத்தில் எமுலேட் 3 பட்டன் மவுஸ் என்பதையும் போட்டுவிடுங்கள். ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு பேனாவை இழுத்தால் உருவம் சுழலும், மவுஸைத் தேட வேண்டாம். பக்கத்திலேயே நேவிகேஷன் பகுதியில் ஆர்பிட் அரவுண்ட் செலெக்ஷன் இருக்கிறது, அதையும் போடுங்கள். கடைசியாகப் பிரஷ் வைத்த இடத்தை மையமாக வைத்து உருவம் சுழலும். இது இல்லாமல் காதைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது சுழற்றினால் காது திரையை விட்டே போய்விடும்.

3. படங்கள், கோப்புகள்

மாதிரிப் படம் இல்லாமல் உட்காராதீர்கள். யானை எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும் என்றுதான் நினைப்போம், கண்ணுக்கும் காதுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று கேட்டால் தெரியாது. நேர் எதிரே ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முக்கால் பக்கத்தில் இரண்டு என்று குறைந்தது நான்கு படம் சேருங்கள். ஒரே இனத்துப் படமாக இருக்கட்டும். நம் கோயில்களில் பார்க்கிற ஆசிய யானைக்கு நெற்றி இரண்டு மேடாகப் பிரிந்திருக்கும், காது சிறியது, தும்பிக்கை நுனியில் ஒரு விரல் போன்ற முனைதான். ஆப்பிரிக்க யானைக்கு நெற்றி ஒரே மேடு, காது பெரிது, தும்பிக்கை நுனியில் இரண்டு முனை. இணையத்தில் தேடினால் இரண்டும் கலந்து வரும். நான் அப்படிக் கலந்து ஒன்று செய்து, எங்கே தப்பு என்றே தெரியாமல் ஒரு வாரம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

கோப்பு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். யானை_01, யானை_02 என்று எண் போட்டு, ஒவ்வொரு பெரிய மாற்றத்துக்கு முன்பும் புதிய எண்ணில் சேமியுங்கள். தானாகச் சேமிக்கும் வசதியை நம்பி உட்காராதீர்கள், அரை மணிக்கு ஒருமுறை கண்ட்ரோல் எஸ் அழுத்துவது உங்கள் பொறுப்பு. செய்ததைத் திரும்பப் பெறுகிற அன்டூ ஆரம்பத்தில் 32 படிதான். 32 தடவை பிரஷ் இழுக்க இரண்டு நிமிடம் கூட ஆகாது. பிரிஃபரன்ஸஸில் சிஸ்டம் பகுதிக்குப் போய் அதை 80, 100 என்று ஏற்றிக்கொள்ளலாம், ஆனால் ரேம் குறைவாக இருந்தால் அதுவே பாரமாகிவிடும்.

4. உருண்டையைச் சரியாகத் தொடங்குங்கள்

திறந்தவுடன் இருக்கும் கனசதுரத்தை நீக்கிவிட்டு ஐகோ ஸ்ஃபியர் ஒன்றைப் போடுங்கள். யுவி ஸ்ஃபியர் வேண்டாம். அதன் மேலும் கீழும் எல்லாக் கோடும் ஒரே புள்ளியில் வந்து சேரும், அங்கே பிரஷ் வைத்தால் சுருங்கி நட்சத்திரம் போல ஆகிவிடும்.

தலை கொஞ்சம் நீளமாக இருக்கட்டும் என்று உருண்டையை ஒரு பக்கமாக நீட்டுவோம். தவறில்லை. நீட்டியபின் ஆப்ஜெக்ட் மோடில் கண்ட்ரோல் ஏ அழுத்தி ஸ்கேலை அப்ளை செய்தாக வேண்டும், அதாவது நீட்டிய அளவையே உருவத்தின் சொந்த அளவாகப் பதிய வேண்டும். இல்லாவிட்டால் வட்டமாகத் தெரிகிற பிரஷ் ஒரு பக்கம் நீண்டு, ஒரு பக்கம் குறுகி விழும். பிரஷ் ஓட்டுகிற ஸ்கல்ப்ட் மோடுக்குள் போகும்போது கீழே ஒரு மஞ்சள் எச்சரிக்கை வரும், நாம் அதைப் படிக்க மாட்டோம். படியுங்கள்.

அப்புறம் சமச்சீர். மேலே எக்ஸ் என்ற எழுத்து ஒளிர்ந்திருக்கிறதா பாருங்கள். அது இருந்தால் வலப்பக்கம் செய்வது இடப்பக்கமும் விழும். ஒரு மணி நேரம் வேலை செய்த பிறகுதான் அது அணைந்திருந்தது தெரிகிறதா? பதறாதீர்கள், அந்த எக்ஸ் இருக்கும் மெனுவிலேயே சிமெட்ரைஸ் என்று ஒரு பொத்தான் உண்டு. எந்தப் பக்கத்தை எந்தப் பக்கத்துக்கு நகலெடுக்க வேண்டும் என்று திசையைப் பார்த்து அழுத்துங்கள். திசை மாறினால் நல்ல பக்கம் போய்விடும், அதனால்தான் எண் போட்டுச் சேமிக்கச் சொன்னேன்.

5. ஐந்து பிரஷ் போதும்

பிளெண்டரில் டஜன் கணக்கில் பிரஷ் இருக்கிறது. 2024 நவம்பரில் வந்த 4.3 பதிப்பிலிருந்து அவை இருக்கும் இடமும் மாறிவிட்டது. முன்பு இடப்பக்கப் பட்டையில் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும், இப்போது திரையின் அடியில் ஒரு அலமாரி போல வரிசையாக இருக்கும். பழைய பாடம் பார்த்துக் கற்கிறவர்கள் இடப்பக்கம் தேடித் தேடிக் களைத்துப்போவார்கள். குறுக்குவிசைகள் சிலவும் மாறிவிட்டன, அதனால் பிரஷின் பெயரை நினைவில் வையுங்கள், விசையை அல்ல.

கிராப் பிரஷ் பிடித்து நகர்த்தும். பிசைந்த மாவை உள்ளங்கையால் தள்ளுவது போல. முதல் ஒரு மணி நேரம் இது மட்டுமே போதும். கிளே ஸ்ட்ரிப்ஸ், மண்ணைப் பட்டை பட்டையாக அப்பும். கிரீஸ் மடிப்பு போடும். ஸ்னேக் ஹுக் நீட்டி இழுக்கும், தும்பிக்கைக்கு அதுதான். ஐந்தாவது ஸ்மூத், அதைத் தனியாக எடுக்க வேண்டாம். எந்தப் பிரஷ் கையில் இருந்தாலும் ஷிஃப்டை அழுத்தினால் ஸ்மூத் ஆகிவிடும். கண்ட்ரோலை அழுத்திக்கொண்டு இழுத்தால் பிரஷ் தலைகீழாக வேலை செய்யும், அப்புவது தோண்டுவதாகும். எஃப் விசை பிரஷின் அளவு, ஷிஃப்டும் எஃப்பும் சேர்ந்தால் அதன் பலம். இடது கை இந்த மூன்று விசையை விட்டு நகராமல் இருக்கட்டும்.

புருவ மேட்டை எப்படிச் செய்வது என்று ஒன்றைச் சொல்கிறேன். கிளே ஸ்ட்ரிப்ஸை எடுத்து, கண் வரப்போகும் இடத்துக்கு மேல், நெற்றியிலிருந்து கன்னம் நோக்கிச் சாய்வாக மூன்று பட்டை போடுங்கள், ஒன்றின் மேல் பாதி ஏறினாற்போல அடுத்தது. பட்டைகளின் ஓரம் படிக்கட்டு மாதிரி தெரியும். இப்போது ஷிஃப்டோடு லேசாக ஒரே ஒரு தடவை தடவுங்கள். ஓரம் மட்டும் கரைந்து மேடு மிச்சமிருக்கும். இரண்டாவது, மூன்றாவது தடவை தடவினால் மேடே கரைந்துவிடும், போட்ட மண் அத்தனையும் போயிற்று. புதியவர்கள் செய்கிற உருவம் எல்லாம் சோப்புக்கட்டி போல வழவழவென்று இருப்பதற்குக் காரணம் இந்த ஷிஃப்ட்தான். அப்புகிற நேரம் பத்து என்றால் தடவுகிற நேரம் ஒன்று இருக்கட்டும்.

6. தும்பிக்கையும் காதும்

இது களிமண் இல்லை என்பதை இங்கேதான் புரிந்துகொள்ள வேண்டும். களிமண்ணுக்கு உள்ளே மண் இருக்கும். இங்கே இருப்பது ஒரு வலை மட்டும், உள்ளே வெற்றிடம். ஸ்னேக் ஹுக்கால் முகத்தின் நடுவைப் பிடித்துக் கீழே இழுத்தால் தும்பிக்கை நீளும், ஆனால் புதிதாக வலைக்கண் எதுவும் சேராது, இருக்கிற கண்களே நீண்டு நீண்டு கிழிந்த சேலை மாதிரி ஆகும். அந்த இடத்தில் எந்தப் பிரஷும் சரியாக விழாது. பிரஷில் கோளாறு இல்லை, அங்கே வலைக்கண் இல்லை.

அதற்குத்தான் வாக்ஸல் ரீமெஷ். உருவத்தின் மேல் புதிதாக, எல்லா இடத்திலும் ஒரே அளவில் வலை பின்னித் தரும். ஆர் விசையை அழுத்தினால் உருவத்தின் மேல் ஒரு கட்டம் தெரியும், மவுஸை நகர்த்திக் கட்டத்தின் அளவை முடிவு செய்யலாம், அதுதான் வாக்ஸல் அளவு. பிறகு கண்ட்ரோல் ஆர் அழுத்தினால் பின்னிவிடும். தும்பிக்கையை ஒரே மூச்சில் இழுக்காதீர்கள். கால்வாசி இழுத்து ரீமெஷ், மறுபடி கொஞ்சம் இழுத்து ரீமெஷ் என்று நான்கைந்து தவணையில் போங்கள். முழுதாக நீண்டபின் கிராப் பிரஷால் வளைத்துக்கொள்ளலாம்.

காதுக்கு வேறு வழி. தலையின் பக்கத்தில் காது முளைக்கும் இடத்தை மாஸ்க் பிரஷால் ஒரு பிறை வடிவத்தில் பூசுங்கள். மாஸ்க் பூசிய இடம் கருப்பாகும், அங்கே பிரஷ் எடுபடாது. நமக்கு வேண்டியது அதற்கு நேர்மாறு, அதனால் கண்ட்ரோல் ஐ அழுத்தித் திருப்புங்கள். இப்போது பிறை மட்டும் திறந்திருக்கும். பெரிய கிராப் பிரஷால் அதைப் பிடித்து வெளியே இழுத்தால் காதின் தட்டு எழும்பி வரும். முடிந்ததும் ஆல்ட் எம் அழுத்தி மாஸ்கை நீக்கிவிடுங்கள். பிரஷ் திடீரென்று வேலை செய்யாமல் நின்றுவிட்டது என்று தவிக்கிறவர்களில் பாதிப் பேருக்கு எங்கோ மூலையில் ஒரு மாஸ்க் மிச்சமிருக்கும்.

காதில் இரண்டு கண்ணி உண்டு. ஒன்று, மெலிசான தட்டின் முன்பக்கம் பிரஷ் வைத்தால் பின்பக்கமும் சேர்ந்து நகரும், காது ஓட்டையாகிவிடும். பிரஷ் அமைப்பில் ஃப்ரன்ட் ஃபேசஸ் ஒன்லி என்பதைப் போட்டால் நிற்கும். இன்னொன்று இதைவிட மோசம்: காதின் தடிமன் வாக்ஸல் அளவைவிடக் குறைந்தால், ரீமெஷ் செய்யும்போது காது பொத்தல் பொத்தலாகக் கிழிந்துவிடும். எனக்கு மூன்று மாலை வேலை இப்படிப் போயிருக்கிறது. காதைத் தடிமனாகவே வைத்திருங்கள், மெலிதாக்குவது கடைசி வேலை.

தந்தங்களையும் கண்களையும் தலையிலிருந்து இழுக்காதீர்கள், தனி உருண்டைகளாகவே வையுங்கள். கண் முழியை முதலிலேயே வைத்துவிட்டு அதைச் சுற்றி இமையை அப்பினால் இமை இயல்பாக உட்காரும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ, சுட்டியை அதன் மேல் வைத்து ஆல்ட் கியூ அழுத்தினால் போதும், மோடை விட்டு வெளியே வர வேண்டாம்.

7. அவசரப்பட்டு வலையைப் பொடியாக்காதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

வாக்ஸல் அளவைப் பாதியாகக் குறைத்தால் பாலிகன் எண்ணிக்கை, அதாவது வலைக்கண்களின் எண்ணிக்கை, சுமார் நான்கு மடங்காகும். இரண்டு மீட்டர் அகல உருண்டையை 0.02 அளவில் பின்னினால் சில பத்தாயிரம் பாலிகன்தான் வரும், எந்தக் கணினியும் தாங்கும். அதே இடத்தில் கைதவறி 0.001 என்று போட்டுவிட்டால் ஒரு கோடியைத் தாண்டும். திரை உறையும், மின்விசிறி இரையும், பத்து நிமிடம் காத்திருந்து கடைசியில் பவர் பொத்தானைத்தான் அழுத்த வேண்டியிருக்கும். எண் அடிக்கும்போது பூஜ்யங்களை எண்ணுங்கள். ஓவர்லே மெனுவில் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் என்பதைப் போட்டுவைத்தால் பாலிகன் எண்ணிக்கை திரையின் ஓரத்தில் எப்போதும் தெரியும்.

கணினி தாங்கினாலும் சீக்கிரம் பொடியாக்கக் கூடாது என்பதுதான் நான் சொல்ல வருவது. வலை பொடியாகிவிட்டால் ஸ்மூத் அசையாது, பெரிய மேட்டைச் சீராகத் தள்ள முடியாது, ஒவ்வொரு இழுப்பும் ஒரு கீறலாக நிற்கும். கன்னம் இரண்டு சென்டிமீட்டர் உள்ளே போக வேண்டும் என்று அப்போது தெரிந்தால் சரிசெய்ய அரை நாள் ஆகும். அதே திருத்தம் இருபதாயிரம் பாலிகனில் கிராப் பிரஷின் ஒரே தள்ளல்.

எப்போது அடுத்த அளவுக்குப் போகலாம்? உருவத்தைத் தூரத்தில் சின்னதாக வைத்து, உருவம் திரையில் எந்த நிறத்தில் தெரிய வேண்டும் என்று தேர்ந்தெடுக்கிற மேட்கேப்பில் தட்டையான கருப்பு நிறம் ஒன்றைப் போட்டு நிழலுருவாகப் பாருங்கள். நான்கு பக்கத்திலிருந்தும் யானை என்று தெரிந்தால் போகலாம். ஒரு பக்கத்திலிருந்து பன்றி போலவோ தவளை போலவோ தெரிந்தால் இன்னும் நேரம் வரவில்லை. என் முதல் யானைக்கு இந்தக் கட்டம் மட்டும் இரண்டு வார இறுதி எடுத்தது. இப்போது இரண்டு மணி நேரம்.

8. தோல் சுருக்கம்

உருவம் முடிந்தபின் ஐம்பதாயிரம் பாலிகன் அளவுக்குக் கடைசியாக ஒரு ரீமெஷ் செய்துவிட்டு, மல்டிரெசல்யூஷன் மாடிஃபையரைப் போடுங்கள், வலையைத் தளம் தளமாகப் பொடியாக்கித் தருகிற வசதி அது. சப்டிவைட் அழுத்தும் ஒவ்வொரு முறையும் நான்கு மடங்கு: ஐம்பதாயிரம், இரண்டு லட்சம், எட்டு லட்சம். இதன் நன்மை, மேல்தளத்தில் சுருக்கம் போட்டுவிட்டுக் கீழ்த்தளத்துக்கு இறங்கிக் கன்னத்தைத் தள்ளினாலும் சுருக்கம் அப்படியே கூடவே வரும்.

இதைப் போட்டபின் வாக்ஸல் ரீமெஷ் செய்ய முடியாது, பிளெண்டர் மறுத்துவிடும். மாடிஃபையரை நீக்கிவிட்டுச் செய்தால் சுருக்கம் எல்லாம் போய்விடும். அதனால் இதற்கு முன்பு ஒரு புதிய எண்ணில் சேமித்துவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

சுருக்கங்களைத் தலை முழுக்க ஒரே மாதிரி போடாதீர்கள். தும்பிக்கையில் குறுக்காக வளையம் வளையமாக நெருக்கம், கண்ணைச் சுற்றி மெல்லிய மடிப்பு, நெற்றியில் கொஞ்சமே. கிரீஸ் பிரஷைச் சிறிதாக்கி, கோட்டைத் தொடர்ச்சியாக இழுக்காமல் விட்டு விட்டு இழுங்கள்.

9. 3டி அச்சுக்குக் கொடுப்பதானால்

பிளெண்டரில் ஓர் அலகு என்பது ஒரு மீட்டர். 3டி அச்சுக்கு அனுப்புகிற எஸ்டிஎல் கோப்பில் அலகே கிடையாது, வெறும் எண் மட்டும் போகும், அச்சு மென்பொருள்கள் அதை மில்லிமீட்டராக எடுத்துக்கொள்ளும். இரண்டு மீட்டர் உயரமாகத் தெரிகிற யானை அங்கே இரண்டு மில்லிமீட்டராகப் போய் நிற்கும். நான் முதலில் அனுப்பிய கோப்பைத் திறந்த அச்சுக்கூடத்தில் கோப்பு காலி என்று திருப்பி அனுப்பினார்கள், நான்கு நாள் போனது. 10 சென்டிமீட்டர் உயரத்துக்கு வேண்டுமென்றால் ஏற்றுமதி செய்யும்போது ஸ்கேலை 50 என்று போடுங்கள், 100 மில்லிமீட்டர் வரும்.

ஏற்றுமதிக்கு முன்னால் மல்டிரெசல்யூஷனில் வியூபோர்ட் அளவை, அதாவது திரையில் காட்டும் தளத்தை, உச்சத்துக்கு ஏற்றி அப்ளை செய்யுங்கள், இல்லாவிட்டால் சுருக்கம் இல்லாத யானைதான் போகும். அப்புறம் பாலிகன் எண்ணிக்கையைக் குறைக்கிற டெசிமேட் மாடிஃபையரில் விகிதத்தை 0.3 அளவுக்குக் குறைத்தால் கோப்பு இறங்கும், பத்து சென்டிமீட்டர் பொம்மையில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. தந்தம், கண் எல்லாம் தலைக்குள் நன்றாகப் புதைந்திருக்கட்டும், தொட்டும் தொடாமலும் நின்றால் கழன்று விழும். ரெசினில் அச்சடிக்கச் சொன்னால் எவ்வளவு ரெசின் பிடிக்கும் என்பதை வைத்துத்தான் விலை ஏறும், உள்ளே குடைந்து தரச் சொல்லிக் கேளுங்கள். குடைந்தால் திரவ ரெசின் வடிய அடியில் இரண்டு துளை இருக்க வேண்டும், அதை யார் போடுவது என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

அனுப்புவதற்கு முன் ஏதாவது ஒரு இலவச ஸ்லைசரில், அதாவது உருவத்தை அச்சுக்குத் தயார் செய்கிற மென்பொருளில், நீங்களே கோப்பைத் திறந்து உயரம் 100 என்று காட்டுகிறதா, காதின் ஓரம் இரண்டு மில்லிமீட்டராவது இருக்கிறதா என்று பாருங்கள். காது அதைவிட மெலிந்திருந்தால் பழைய எண்ணுள்ள கோப்பைத் திறந்து, இன்ஃப்ளேட் பிரஷால் ஓரத்தை லேசாக உப்பவைத்து மறுபடி ஏற்றுமதி செய்யுங்கள்.